தேயாத பாகம் பியானோவில் ஏன் தோற்றது? ஒரு துளித் துணியின் கதை

ஒரு பாகம் அடிக்கடி தேயுதா? தேயாத பொருளில் செய்து மாட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றுதான் தோன்றும். 1962-ல் நியூயார்க்கில் இருக்கும் ஸ்டெயின்வே பியானோ நிறுவனமும் அதைத்தான் செய்தது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் மறுபடியும் பழைய துணிக்கே திரும்பிவிட்டது. என்ன நடந்தது?

பியானோவுக்குள் என்ன இருக்கு?

கிராண்ட் பியானோவில் 88 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் சில நெம்புகோல்கள் அசைந்து, கம்பளி ஃபெல்ட் சுற்றிய சுத்தியல் கீழிருந்து எழும்பி கம்பியைத் தட்டும். கட்டைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இந்த அமைப்புக்குப் பெயர் 'ஆக்‌ஷன்'. இதில் பெரும்பகுதி மரம்தான்.

எது தேயும்?

ஒவ்வொரு மூட்டிலும் சுமார் 1.3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு உலோக ஊசி இருக்கும். அது சுழலும் துளைக்குள் கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள். இதுதான் 'புஷிங்'. வருஷக்கணக்கில் வாசித்தால் துணி தேயும். சுத்தியல் பக்கவாட்டில் ஆடும், 'டிக் டிக்' சத்தம் வரும். காற்றில் ஈரம் கூடினால் நேர்மாறாக மூட்டு இறுகி, கட்டை மந்தமாகிவிடும்.

டெஃப்லான் வந்தது

துணிக்குப் பதிலாக டெஃப்லான் புஷிங் போட்டது ஸ்டெயின்வே. வழுக்கும், ஈரத்தை உறிஞ்சாது. நல்ல யோசனைதானே? சிக்கல் அதைச் சுற்றியிருந்த மரத்தில். பருவத்துக்குப் பருவம் மரம் விரியும், சுருங்கும். துணி அதற்கேற்ப வளைந்துகொடுக்கும், டெஃப்லான் கொடுக்காது. அதனால் ஒரு பருவத்தில் இறுக்கம், இன்னொரு பருவத்தில் தளர்வு, கூடவே 'டிக்' சத்தம். தேயாமல் இருப்பதைவிட, மரத்தோடு ஒத்துப்போவதுதான் முக்கியம் என்பது அப்போது புரிந்தது.

எப்படிச் சரி செய்வாங்க?

மூட்டு லேசாகத் தளர்ந்தால், பழைய ஊசியை எடுத்துவிட்டு மயிரிழை அளவு தடிமன் கூடியதைப் போடுவார்கள். துணியே தேய்ந்துவிட்டால் புதிய துணி. சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பிகள் பள்ளம் போட்டிருந்தால், மணல்தாளால் தேய்த்து வடிவத்தை மீட்பார்கள். ஃபெல்ட் மெலிந்துபோனால் மாற்றத்தான் வேண்டும். அதையும் ஒன்றிரண்டு மட்டும் மாற்றினால் ஒலி சமமாக இருக்காது என்பதால், வழக்கமாக 88-ஐயும் சேர்த்தே மாற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டையின் அசைவையும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

நீங்க கவனிக்க வேண்டியது

* மூட்டு இறுகினால் மெஷின் ஆயில் விடாதீங்க. எண்ணெய் துணியிலும் மரத்திலும் ஊறி அழுக்கைச் சேர்க்கும்.
* ஆக்‌ஷனை நீங்களே வெளியே இழுக்காதீங்க. தவறி ஒரு கட்டை அழுங்கினால், எழும்பிய சுத்தியலின் காம்பு முறிந்துவிடும்.
* 1962 முதல் 1980-களின் தொடக்கம் வரை நியூயார்க்கில் செய்த ஸ்டெயின்வேயைப் பழையதாக வாங்கப் போறீங்களா? உள்ளே டெஃப்லான் இன்னும் இருக்கா, மாற்றிவிட்டார்களா என்று பியானோ டெக்னீஷியனிடம் காட்டிக் கேளுங்க. இருந்தாலும் பயப்பட வேண்டாம். அதைப் பராமரிக்கவும் முடியும், துணி புஷிங் உள்ள பாகங்களை மாட்டவும் முடியும். ஆனால் அந்தச் செலவையும் கணக்கில் வைத்து விலை பேசுங்க.