தங்கவயல் வாசகருக்கு மூன்று நூல்கள்

வரலாறு ஒரு தட்டிலும், புதினம் ஒரு தட்டிலும், கட்டுரை ஒரு தட்டிலுமாக நூல்களை இனம் பிரித்து அடுக்குவது நூலகத்தாரின் முறை. படிப்பவருக்கு அந்த வேலி வேண்டுவதில்லை. ஒரு நூல் சொல்லாமல் விட்டதை வேறு இனத்து நூல் சொல்லிவிடுவதுண்டு. அண்மையில் அடுத்தடுத்துப் படித்த மூன்று நூல்கள் இதனை எனக்கு நன்கு உணர்த்தின. அவை கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமானவை.

முதலாவது வரலாற்று நூல். ஜானகி நாயர் ஆங்கிலத்தில் எழுதிய 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' 1998-இல் வெளிவந்தது. பழைய மைசூர் அரசில் தங்கச் சுரங்கங்களிலும் பெங்களூர் ஆலைகளிலும் உழைத்தவர்களைப் பற்றியது அது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். அதன்பின் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக வந்து குடியேறினர். 1930-இல், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து இங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலிக்காக மட்டுமன்றி மானத்துக்காகவும் உழைப்பாளர் எழுந்து நின்றனர் என்பதை இதனால் அறிகிறோம். ஆயினும், அன்று வேலைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்தவர் தம் மனைவியிடம் என்ன பேசினார் என்பதை வரலாறு சொல்லாது. சான்று உள்ளதையே அது சொல்ல முடியும்.

அந்த இடத்தை நிரப்ப வருவது புதினம். மருத்துவர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ', இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் கிடைக்கிறது. கதை நிகழ்வது சுரங்கத்தில் அன்று. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்தில். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர் மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறுகின்றனர். முன்பணக் கடன் காலில் விலங்காகிறது. நோய் உயிர்களை வாங்குகிறது. தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் எழுதியதால், நோயும் சாவும் கற்பனைச் சாயமின்றி வருகின்றன. முன்பணம் பெற்று ஊரைவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதனைப் படிக்கும்போது, இடம் வேறானாலும், தம் பாட்டனார் கதையையே கேட்பதுபோல் இருக்கும்.

வரலாறும் புதினமும் உழைப்பாளரைப் பற்றிப் பிறர் எழுதியவை. உழைப்பாளர் தாமே எதைப் படித்தனர்? மூன்றாவது நூல் இதற்கு விடை தருகிறது. அது ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து 1999 முதல் வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்'. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. வரலாறு, மருத்துவம், இலக்கிய உரை, நாட்டு நடப்பு யாவும் அதில் இடம்பெற்றன. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அதற்கு உறுதியான வாசகர் இருந்தனர். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர், 1926-இல் அவ்விதழை ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இதே தங்கவயலிலேதான். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. பூமியின் அடியில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்து தம் கூலியில் அச்செழுத்தை வாழவைத்தனர் என்பது சிறிய செய்தி அன்று.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று மாரிக்குப்பம் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் தமிழ் எழுத்து கிட்டுவதில்லை. பாட்டனார் காசு கொடுத்து வாங்கிய இதழ், பேரனுக்கு வெறும் கோடும் சுழியுமாகத் தோன்றுமானால், அந்த இழப்பைச் சுரங்கம் மூடிய இழப்போடு சேர்த்தே எண்ண வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்கள் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். மாலையில் அரை மணி நேரம் ஒரு தமிழ் நூலைப் பிள்ளைகளுடன் உரக்கப் படியுங்கள். எழுத்தைக் கண் பழகும், சொல்லைக் காது பழகும். வீட்டுப் பெட்டியில் பழைய இதழோ சங்கத்துத் துண்டறிக்கையோ கிடைத்தால், எடைக்குப் போடாமல் நூலகத்தாரிடம் காட்டுங்கள். பழந்தாள்களைப் போற்றிக் காத்தவர்கள் இல்லாதிருந்தால் மேற்கூறிய மூன்றாவது நூல் நம் கைக்கு வந்திராது.