சித்தப்பாவின் சென்ட்டும் உங்கள் மூக்கும்

சுட்டிகளே, கல்யாணத்துக்குக் கிளம்பும் வேன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டாயிற்று. ஜன்னல்களை மூடியாயிற்று. சித்தப்பா புதுச் சட்டை முழுக்க சென்ட் அடித்திருக்கிறார். அத்தைமார் தலை நிறைய மல்லிகை. போதாததற்கு டிரைவர் முன்னால் ஒரு வாசனை டப்பா. வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் உங்களுக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. சொன்னால், "இவ்வளவு நல்ல வாசனை, உனக்கு மட்டும் என்னடா?" என்று சிரிக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். "எனக்கு மட்டும் ஏன்?" என்று நீங்களும் யோசித்தீர்கள் அல்லவா? சபாஷ்! அது நல்ல கேள்வி. வாருங்கள், மூக்குக்குள் போய்ப் பார்ப்போம்.

பூவாக இருந்தாலும் சென்ட் புட்டியாக இருந்தாலும், அதிலிருந்து மிகச் சிறிய மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் பறக்கின்றன. நாம் மூச்சை இழுக்கும்போது அவை உள்ளே போகின்றன. மூக்கின் மேல்பகுதியில், ஈரமான ஓர் இடத்தில், அவற்றைப் பிடிப்பதற்கென்றே ஏற்பிகள் காத்திருக்கின்றன. மனிதர்களுக்கு இந்த ஏற்பிகளில் சுமார் 400 வகை உண்டு. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் 1991இல் இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

உங்களுடைய ஏற்பிகளும் பக்கத்து பெஞ்சுப் பையனுடைய ஏற்பிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. கஸ்தூரி போன்ற வாசனைகளில் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கோ அதே வாசனை மூக்கைத் துளைக்கும். ஆகவே ஒருவர் மூக்கைப் பொத்தினால், அவர் நடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது தலைவலிக்கு வருவோம்.

மூக்கில் இன்னொரு நரம்பும் இருக்கிறது. முக்கிளை நரம்பு என்பார்கள். இதற்கு ரோஜாவும் தெரியாது, சந்தனமும் தெரியாது. எரிச்சல், உறுத்தல், குளிர்ச்சி இவைதான் தெரியும். அடுப்பில் மிளகாய் வறுத்தால் நெடி ஏறித் தும்முகிறோமே, அது இந்த நரம்பின் வேலை. தைலம் தடவினால் மூக்குக்குள் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். வாசனை மூலக்கூறுகளில் பலவும் கொஞ்சமாக வந்தால் இந்த நரம்பு கண்டுகொள்ளாது. கூட்டமாக வந்தால் விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தலைவலியிலும் இதே நரம்புக்குப் பங்கு உண்டு. சிலருக்கு சென்ட் வாசனையிலிருந்து தலைவலி கிளம்புவதில் வியப்பே இல்லை.

அப்படியானால் அளவுதான் முக்கியம், இல்லையா? இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. மல்லிகைப் பூவின் மணத்தில் இந்தோல் என்றொரு பொருள் உண்டு. அதே இந்தோல் வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? மலத்தில்! சிரிக்காதீர்கள், உண்மைதான். துளியூண்டு இருந்தால் அது பூவாக மணக்கும். செறிவாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆகவே "இது பூ வாசனை, ஒன்றும் செய்யாது", "இது இயற்கையானது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். திறந்த முற்றத்தில் சுகமாக மணக்கும் அதே மல்லிகைச் சரம்தான் மூடிய வேனில் தொல்லை தருகிறது.

அளவைப் போலவே வேகத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட மணி அடித்ததும் என்ன நடக்கும்? பை கனமில்லாத வாண்டுகள் ஒரே ஓட்டமாக கேட்டைத் தாண்டிவிடுவார்கள். மூட்டை போலப் பை சுமக்கும் பெரிய வகுப்பு அண்ணன்கள் கடைசியில் மெல்ல வருவார்கள். சென்ட்டிலும் இதே கதைதான். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் இலேசானது, சட்டென்று பறந்துவிடும். சந்தனத்தில் உள்ள சந்தலால் கனமானது, மணிக்கணக்கில் தங்கும். புட்டியைத் திறந்தவுடன் வரும் வாசனையை மட்டும் முகர்ந்துவிட்டு வாங்கினால், வாண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வகுப்பையே எடைபோட்ட மாதிரி ஆகிவிடும். நாள் முழுக்கக் கூட இருக்கப்போவது அந்த அண்ணன்கள்தானே!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆரஞ்சுத் தோலை ஒரு தாளின்மேல் பிழியுங்கள். இன்னொரு தாளில் சந்தனக் கட்டையை உரைத்துத் தடவுங்கள். இரண்டையும் உடனே ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

இனி, கடைக்குப் போவோம். அம்மாவோ அக்காவோ சென்ட் வாங்கும்போது நீங்களும் கூடப் போனால், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். புட்டிக்குள் இருப்பதில் பெரும்பங்கு ஆல்கஹால். வாசனைப் பொருள் கொஞ்சம்தான். காய்ச்சல் வந்தால் பாட்டி கைக்குட்டையில் நனைத்துத் தருவாரே யூடிகோலன், அந்த வகையில் பொதுவாக 100க்கு 2 முதல் 5 பங்குதான் வாசனைப் பொருள். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், 1709இல் ஃபரீனா குடும்பத்தார் தொடங்கிய கடையிலிருந்து புகழ்பெற்ற சரக்கு இது. ஓ டி டாய்லெட் என்று இருந்தால் 5 முதல் 15 பங்கு. (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், கழிப்பறைக்கானது அல்ல!) ஓ டி பர்ஃப்யூம் என்றால் 15 முதல் 20. வெறும் பர்ஃப்யூம் என்றால் அதற்கும் மேலே. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். ஆனாலும் நம் போன்ற மூக்குக்காரர்கள் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதே நல்லது.

அத்தரில் பொதுவாக ஆல்கஹால் இருக்காது. எண்ணெய் என்பதால் குபீரென்று பரவாமல் உடம்போடு ஒட்டியே இருக்கும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில், சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து மழை மணக்கும் அத்தர்கூடச் செய்கிறார்கள்! ஆனால் அத்தர் செறிவானது. ஊசிமுனை அளவு போதும்.

எனக்குப் பிடித்தது வெட்டிவேர். ஒரு சின்னக் கட்டு வேரை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தால், சட்டையைப் போடும்போது மணம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

சரி, சித்தப்பா ஏன் அவ்வளவு சென்ட் அடித்தார்? அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருடைய மூக்கு களைத்துப்போய்விட்டது! ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் நம் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்காருங்கள், கொஞ்ச நேரத்தில் மணம் குறைந்த மாதிரி இருக்கும். வெளியே போய்விட்டுத் திரும்புங்கள், மறுபடி கமகம! சித்தப்பாவுக்கும் தன் சென்ட் தெரியவில்லை. ஆகவே இன்னும் இரண்டு தடவை அடித்துக்கொண்டார். பூசியவருடைய மூக்கு நல்ல நீதிபதி இல்லை. கை நீட்டும் தூரத்தில் ஒருவரை நிற்கவைத்து, "வருகிறதா?" என்று கேட்க வேண்டும். பலமாக வருகிறது என்றால், அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும்.

புதிய வாசனையை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு முறை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். உடனே முகர வேண்டாம், முதலில் ஏறுவது ஆல்கஹால் நெடி. வெளிக்காற்றில் அரைமணி நேரம் பொறுங்கள். பிறகு தாளை மூக்கில் ஒட்டாமல், கையால் விசிறி முகருங்கள். வேதியியல் ஆய்வகத்திலும் இப்படித்தான் கற்றுத் தருவார்கள். தோலில் அரிப்பு வருகிறவர்கள் தாளோடும் துணியோடும் நிறுத்திக்கொள்ளலாம். மூச்சு இழுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த விளையாட்டே வேண்டாம். டாக்டரிடம் கேட்காமல் எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது.

சென்ட் அடிக்காமலே தலை வலிக்கிறதா? சோப்பு, ஷாம்பு, துணி துவைக்கும் பவுடர் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வாசனை சேர்க்கும். இதில் ஒரு தந்திரம் வேறு இருக்கிறது. 'வாசனை இல்லாதது' என்று போட்டிருக்கும் சில பொருள்களில், மூலப்பொருளின் நாற்றத்தை மறைப்பதற்காக வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். நமக்கு வேண்டியது 'வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது'. இரண்டும் ஒன்றல்ல, பின்பக்கத்துப் பட்டியலையும் படித்துப் பாருங்கள்.

கடையில் நாலைந்து புட்டிகளை முகர்ந்து மூக்கு குழம்பிப்போனால், கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் காப்பிக்கொட்டை நீட்டுவார். அதை முகர்ந்தால் மூக்கு புதிதாகிவிடும் என்பார். சோதித்துப் பார்த்ததில் அது வெறும் காற்றைவிட ஒன்றும் அதிகமாக உதவவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கடை வாசலுக்கு ஒரு நடை போய்வாருங்கள்.