உறியில் தொங்கும் நைட்ரஜன்

சினை ஊசி போட வருகிறவர் அலுமினியக் கேனைத் திறந்ததும் குபுகுபுவென்று வருகிறதே வெள்ளைப் புகை, அதுதான் நைட்ரஜனா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது. கேனுக்குள்ளிருக்கும் குளிர் பட்டு, காற்றின் ஈரம் பனிமூட்டமாகிறது, அவ்வளவுதான்.

கேனும் பிளாஸ்க்தான்: இரட்டைச் சுவர், இடையில் வெற்றிடம். 1892-ல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் இந்த அமைப்பை உருவாக்கியது, குளிர வைத்துத் திரவமாக்கிய வாயுக்களைக் காப்பாற்றத்தான். காப்பி அப்புறம் வந்தது. அந்த வகையில் மாட்டாஸ்பத்திரிக் கேன்தான் மூத்த வாரிசு.

உள்ளே இருக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி. நடுவில் 236 டிகிரி வித்தியாசம்! வெற்றிடத்தைத் தாண்டி வெப்பம் வர வழி குறைவு. அது நுழையப் பார்ப்பது கழுத்து வழியாக. அதனால் கழுத்துக் குழாயை மட்டும் உலோகத்தில் செய்யாமல் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். நைட்ரஜன் நிறைந்த உள்பாத்திரத்தின் மொத்தப் பாரமும் அந்த மெல்லிய கழுத்தில்தான். எங்கள் பாட்டி வீட்டு உறியில் தயிர்ப்பானை தொங்கியது மாதிரி.

மூடி இன்னும் வேடிக்கை. அது இறுக மூடாது, மூடவும் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. போக வழியில்லாவிட்டால் கேன் வெடித்துவிடும். கசிவது கோளாறல்ல, பாதுகாப்பு.

இப்படிப்பட்ட பொருளைத்தான் சில இடங்களில் சிமென்ட் தரையில் உருட்டுகிறார்கள், பைக்கில் சாய்த்துக் கட்டிக் குண்டும் குழியுமான பாதையில் கொண்டுபோகிறார்கள். கழுத்தில் விரிசல் விட்டால் வெற்றிடம் போயிற்று. நைட்ரஜன் மளமளவென்று வற்றிவிடும். சினை ஊசிக்காக அதில் மூழ்க வைத்திருக்கும் உறைவிந்துக் குச்சி ஒருமுறை இளகிக் கெட்டுப்போனாலும் பார்வைக்கு நல்ல குச்சி மாதிரியேதான் இருக்கும். ஊசி போட்டும் மாடு சினை பிடிக்காது. அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் பழி மாட்டின் மேல் விழும், மாடு சந்தைக்குப் போகும். கேனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கேனைக் கவனியுங்கள். மூடியிருக்கும்போதே வெளிப்புறம் உறைபனி படிந்திருந்தால் அது கெட்டுப்போன கேன். நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறதென்று அளவுகோலை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம்.