கல்லூரி வாசலில் காக்கிச் சட்டை

சென்ற பருவத்தில் ஒரு மாலை. நூலகம் மூடியபின் நாங்கள் நால்வர் வெளியே வந்தோம். வாசலில் போலீஸ் வண்டி நின்றிருந்தது. "அப்பாடா!" என்றாள் என் தோழி. உடன் வந்த மாணவர் இருவரோ பின்வாசல் வழியாகப் போய்விட்டனர். அவர்கள் ஒரு தவறும் செய்தவர்கள் அல்லர். ஒரே வண்டி ஒருத்திக்கு நிம்மதி, இருவருக்குக் கலக்கம்! இதன் காரணத்தைத் தேடப்போய் அமெரிக்கக் கல்லூரிகளின் கதையில் நுழைந்தேன்.

அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீஸ் படையே உண்டு. நம் வாயிற்காவலர் போலன்று. துப்பாக்கி ஏந்தலாம், கைதும் செய்யலாம். 1894-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கென நகரப் போலீசார் இருவரை ஒதுக்கியது இதன் தொடக்கம். ஊராருக்கும் மாணவருக்கும் அங்கே தீராத பகை. 1824-இல் மருத்துவக் கல்லூரிக்காகப் பிணம் திருடியதாக ஊரே திரண்டு கலகம் செய்ததுண்டு.

படை இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடுமா? 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டாள். கொன்றவன் அங்கேயே பயின்ற மாணவன். தானே பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தனர். முன்பு நடந்த குற்றங்களை நிர்வாகம் சொல்லியிருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்கமாட்டோம் என்று பெற்றோர் போராடினர். அதன் பயனாக 1990-இல் சட்டம் பிறந்தது: கல்லூரிகள் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை வெளியிடவேண்டும், ஆபத்து என்றால் மாணவரை உடனே எச்சரிக்கவேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். கணக்கு வெளியே வந்தால் கல்லூரியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமா என்ன?

அதே யேலில் 2018 மே மாதம், விடுதிப் பொதுக்கூடத்தில் உறங்கிவிட்ட ஒரு கறுப்பின மாணவியைக் கண்டு, சக வெள்ளை மாணவி போலீசை அழைத்தாள். தன் அறையைச் சாவியால் திறந்து காட்டிய பின்னும் அவளிடம் அடையாள அட்டை கேட்டார்கள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதும் மினசோட்டா பல்கலைக்கழகம் நகரப் போலீசோடு தன் தொடர்பைக் குறைத்துக்கொண்டது.

இதைப் படித்த பிறகே பின்வாசலில் போன நண்பரிடம் காரணம் கேட்டேன். "முதலில் பேரைக் கேட்பார்கள், பிறகு ஊர், அதன்பிறகு தெரு. தெருவைச் சொன்னதும் குரல் மாறிவிடும்" என்றார். தோழியிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனாலும் அன்று அந்த வண்டி நின்றதால்தான் நான் தைரியமாக நிறுத்தம்வரை நடந்தேன்" என்றாள்.