மின்தேக்கிக்குக் கீழே ஒரு ஜன்னல்

கணினியின் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். தங்கமுலாம் பூசிய பல்வரிசைக்குச் சற்று மேலே, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பழுப்புத் துண்டுகள் ஜோடி ஜோடியாக நிற்கும். அவை மின்தேக்கிகள். கார்டிலுள்ள சிப்பும் மதர்போர்டிலுள்ள சிப்பும் வெவ்வேறு நேர்திசை மின்னழுத்தத்தில் இயங்கலாம். அந்த வேறுபாட்டை மறித்து, மாறிக்கொண்டே இருக்கும் தகவல் அலையை மட்டும் கடத்துவது இவற்றின் வேலை.

கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003-இல் வந்தபோது ஒரு தடத்தில் விநாடிக்கு 250 கோடி பிட்டுகள் பாய்ந்தன. பலகையில் அலையின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ பாதி. ஆகவே ஒரு பிட் சுமார் 6 சென்டிமீட்டர் நீண்டிருந்தது. அவ்வளவு நீளத்தின் முன் மின்தேக்கி ஒரு பொருட்டே இல்லை. ஐந்தாம் தலைமுறையில் விநாடிக்கு 3,200 கோடி பிட்டுகள். பிட்டின் நீளம் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டது. இப்போது அந்தச் சிறு துண்டு வழியில் தெரிகிறது.

தொல்லை கொடுப்பது மின்தேக்கியின் மதிப்பு என்று தோன்றும். ஆனால் வழக்கமான 220 நானோஃபாரட், இந்த வேகத்தில் அலையை ஏறக்குறைய தடையின்றி விட்டுவிடும். உண்மையான சிக்கல் அது உட்கார்ந்திருக்கும் செம்புத் திட்டில். 0.12 மில்லிமீட்டர் அகலத்தில் வரும் தடம், மின்தேக்கியைப் பற்றவைக்கும் இடத்தில் 0.5 மில்லிமீட்டராக விரிகிறது. சீராக ஓடும் வாய்க்கால் திடீரென்று அகன்றால் அங்கே நீரலையின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்புமே, அதேதான் இங்கும் நடக்கிறது.

அகன்ற திட்டும் அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் செம்புப் படலமாகக் கிடக்கும் கிரவுண்ட் தளமும் சேர்ந்து, யாரும் கேட்காத இன்னொரு மின்தேக்கியாகிவிடுகின்றன. அந்த இடத்தில் மின்மறுப்பு சரிகிறது. ஜோடியாகச் செல்லும் இணைத்தடத்தின் 85 ஓம் அங்கே 70 ஆனால், வரும் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரை எதிரொலியாகத் திரும்பும். அது மற்ற எதிரொலிகளோடு கலந்து, பின்னால் வரும் பிட்டுகளைக் குழப்பும்.

இதற்கு மருந்து, செம்பை வெட்டி எடுப்பது. திட்டுகளுக்கு நேர் கீழே கிரவுண்ட் தளத்தில் ஒரு ஜன்னல் திறப்பார்கள். அடுத்த தளம் ஆழத்தில் இருப்பதால் வேண்டாத மின்தேக்கம் குறைந்து, மின்மறுப்பு மேலேறும். தளம் விட்டுத் தளம் மாறும் திரும்பு மின்னோட்டத்துக்கு வழியாக, ஜன்னலோரம் கிரவுண்ட் துளைகளை இடுவார்கள். ஜோடியின் இரண்டு மின்தேக்கிகளும் அருகருகே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று தள்ளிப்போனால் ஜோடியின் சமநிலை கெடும். 0.6 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறிய ரகத்தைப் போட்டால் திட்டே சுருங்கி, சிக்கல் அங்கேயே ஓரளவு குறையும்.

ஜன்னலின் அளவைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. மின்காந்தப் புலத்தை முப்பரிமாணத்தில் கணக்கிடும் மென்பொருளில் பலமுறை மாற்றிப் பார்ப்பார்கள். பலகை தயாரானதும் டிடிஆர் கருவி ஒரு கூர்மையான மின்படியைத் தடத்தில் அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் வரையும். மின்தேக்கி இருக்குமிடத்தில் கோடு பள்ளமாக இறங்கினால் ஜன்னல் போதவில்லை. மேடாக எழும்பினால் வெட்டியது அதிகம். மின்மறுப்பு 85-ஐத் தாண்டிவிட்டது, எதிரொலி, பள்ளத்தின்போது இருந்ததற்கு எதிர்க் குறியில் திரும்பி வருகிறது.