ஏஜென்சி மூலம் ஆயா வைக்கிறீங்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படிங்க

பிரசவ விடுப்பு முடியப் போகிறது. பெங்களூரிலோ குர்கானிலோ இருக்கும் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்க ஊரிலிருந்து வர ஆளில்லை. ஏஜென்சிக்கு போன் போட்டால் ஆயா வந்துவிடுகிறார், கூடவே ஓர் ஒப்பந்தமும். அதில் கமிஷன் எவ்வளவு, ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆள் உண்டா என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். வேலை நேரம், வார விடுமுறை பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. பின்னால் வரும் சண்டைகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

தனிச் சட்டம் இருக்கா?

வீட்டுப் பணியாளர்களுக்கென நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் இல்லை. ஏஜென்சி மூலம் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு பழங்குடிப் பெண் தொடர்பான வழக்கில், இதற்குச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று உத்தரவிட்டது.

அப்போ எந்த விதியும் கிடையாதா?

இருக்கு. நாலு விஷயம் முக்கியம்.

• 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.
• 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உங்கள் வீடும் ஒரு பணியிடம்தான். பணியாளர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம்.
• "முன்பணம் கழியும்வரை போகக் கூடாது" என்று பிடித்து வைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.
• கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்துள்ளன.

ஏஜென்சிக்கு என்ன கட்டுப்பாடு?

சத்தீஸ்கரில் 2013 சட்டம், டெல்லியில் 2014 ஆணை, ஜார்க்கண்டில் 2016 சட்டம் இருக்கின்றன. இங்கெல்லாம் ஏஜென்சி பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் முதல் கேள்வியே "பதிவு எண் என்ன?" என்பதாக இருக்கட்டும். அடுத்தது, சம்பளம் யார் கைக்குப் போகிறது? மொத்தமும் ஏஜென்சி கணக்குக்குப் போனால், ஆயாவுக்கு எவ்வளவு சேருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்க. கமிஷனைத் தனியாகக் கொடுங்க.

என்ன எழுதி வைக்கணும்?

ஒரு பக்கம் போதும். வேலை தொடங்கும், முடியும் நேரம்; குழந்தை வேலை மட்டுமா, சமையலும் உண்டா; வாரத்தில் எந்த நாள் லீவு; கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு; உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் உண்டா; வேலையை விட, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு. அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி, ஒரு நகலை அவரிடமே கொடுங்க. இ-ஷ்ரம் தளத்தில் அவர் பதிவு செய்யவும் உதவலாம்.

ஏஜென்சி நடத்துபவர்களுக்கும் இதே பாடம்தான். பணியாளரிடம் கமிஷன் பிடிக்காதீங்க, அசல் ஆதாரை வாங்கி வைக்காதீங்க, வீடு மாறினால் அவருக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லுங்க. நாள் முழுக்கக் குழந்தை இருப்பது அவர் கையில். சம்பளமும் ஓய்வும் ஒழுங்காகக் கிடைத்தால் அவர் நிலைத்து நிற்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறினால் தவிப்பது குழந்தைதான்.