இவரை மட்டும் ஏன்?

ஆஸ்திரேலியக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து; காலால் உதைக்கலாம், கை முட்டியால் குத்தியும் அனுப்பலாம். அதில் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டங்கள் ஆடியவர் ஆடம் குட்ஸ். பூர்வகுடியைச் சேர்ந்தவர். 2005, 2012 ஆண்டுகளில் வெற்றிக் கிண்ணம், இரு முறை பிரவுன்லோ பதக்கம் என்று சாதித்தவர்.

2013இல் மெல்பர்ன் திடலில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைக் 'குரங்கு' என்றாள். அவளைப் பழிக்காதீர்கள், ஆதரவு கொடுங்கள் என்றார் குட்ஸ். 2014இல் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது வந்தது. விருது மட்டுமா வந்தது? 2015இல் அவர் பந்தைத் தொட்டாலே எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். ஆட்டக்காரரைக் கேலி செய்வது திடலில் வழக்கம்தானே என்று சிலர் வாதிட்டார்கள். சரி, வாரந்தோறும் இவரையே ஏன்?

அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். லீக் மன்னிப்புக் கேட்டது 2019இல். 2021இல் புகழரங்கில் இடம் தர முன்வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.